கண்டோர் அறம்: காணாமற்போனோர் செய்தியும் அதன் வரம்பும்

1. தோற்றுவாய்

ஒருவர் காணாமற்போயின் அவரைத் தேடுவோர் அதனை ஊரறியச் சொல்லுதல் இயல்பு. சொல்லாவிடின் தேடல் நடவாது. சொன்னவிடத்தோ வீட்டினுள் அடங்கியிருந்த துயரம் ஊரார் நாவிற் புகுந்துவிடும். இவ்விரண்டிற்கும் இடையே வரம்பு யாண்டு அமைதல் வேண்டும் என்னும் வினா, வானொலியோடும் தொலைக்காட்சியோடும் பிறந்ததன்று. அவற்றினும் மிகப் பழமையானது. திருவண்ணாமலை வட்டாரத்தில் 1896-இலும் 2018-இலும் நிகழ்ந்த இருவேறு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. ஆய்வுக்கு வேண்டிய சொல்லைத் தமிழ் அகத்திணை மரபே நமக்குத் தந்துள்ளது. 'கண்டோர்' என்பது அச்சொல்.

2. அகத்திணையில் தேடலும் கண்டோரும்

தலைவி தலைவனுடன் போய்விட்டாள் என்பதறிந்து செவிலி பின்தேடிச் செல்லுதல் பாலைத்திணையின் துறைகளுள் ஒன்று. வழியில் எதிர்ப்பட்டோரை அவள் வினவுகின்றாள்; அவர்கள் விடை கூறுகின்றனர். தொல்காப்பியம் கண்டோர் கூற்றுக்குத் தனியிடம் வகுத்துள்ளது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டு. ஆண்டு முக்கோற் பகவரைக் கண்ட செவிலி, தன் மகளும் வேறொருத்தி மகனும் இவ்வழிச் செல்லக் கண்டீரோ எனக் கேட்கின்றாள். அவர்கள் கண்டதை மறைக்கவில்லை. கண்டோம் என்றே கூறுகின்றனர். ஆயின் மடக்கிப் பிடித்தற்குரிய வழியைக் காட்டவுமில்லை. சந்தனமும் முத்தும் இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாது, கொள்வார்க்கே பயன்படுதலை எடுத்துக்காட்டி, அவளைத் தேற்றி நிறுத்துகின்றனர்.

இதனுள் மூன்று கூறுகள் புலனாகின்றன. கண்டது மட்டுமே கூறப்பட்டது என்பது ஒன்று. கேட்டற்குரியவளிடமே கூறப்பட்டது என்பது மற்றொன்று. தேடப்படுவோர்க்குத் தீங்கு நேராவண்ணம் கூறப்பட்டது என்பது பிறிதொன்று. அகத்திணை மாந்தரை இயற்பெயர் சுட்டி உரைத்தலாகாது என்னும் தொல்காப்பிய விதியும் ஈண்டு நினைத்தற்குரியது. அது செய்யுள் மரபேயன்றி வாழ்க்கைச் சட்டம் அன்று என்பார் உளர், அஃது உண்மையே. எனினும், அகம் என்பது பெயரோடு புறத்தே வைத்தற்குரியதன்று என்னும் உணர்வு இச்சமுதாயத்துக்குப் புதிதன்று என்பதை அவ்விதி காட்டும்.

3. திருச்சுழியிலிருந்து திருவண்ணாமலை

1896-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 29-ஆம் நாள், மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்திலிருந்து பயின்றுவந்த வேங்கடராமன் என்னும் 16 அகவை இளைஞர், ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வெளியேறினார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கெனப் பெற்ற 5 உரூபாவில் 3 உரூபாவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2 உரூபாவைச் சீட்டுடன் வைத்தார். நல்லதொரு செயலிற் புகுந்திருப்பதால் எவரும் வருந்த வேண்டா என்பதும், தேடுதற்குப் பணம் செலவிட வேண்டா என்பதும் அச்சீட்டின் கருத்து. பெயர் எழுதற்குரிய இடத்தில் கோடு மட்டுமே இருந்தது. செப்டம்பர் முதல் நாள் அவர் திருவண்ணாமலை சேர்ந்தார். பிற்காலத்தில் இரமண மகரிசி என உலகறிந்தவர் அவரே.

அவர் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அத்துறவின் பெருமையையே பேசுவர். நம் ஆய்வுக்கோ வீட்டில் எஞ்சியோரின் நிலையும் வேண்டப்படுகின்றது. அன்னையார் அழகம்மை தம் மைத்துனர்களைத் தேடுமாறு வேண்டினார். திருவனந்தபுரத்தில் நாடகக் குழுவொன்றில் சேர்ந்துள்ளார் என ஒரு பேச்சு எழுந்தது. சிறிய தந்தையாருள் ஒருவரான நெல்லையப்ப ஐயர் ஆண்டுச் சென்று வறிதே மீண்டார். அடையாளமில்லாத பேச்சு, தேடுவோரின் காலத்தையும் பொருளையும் நம்பிக்கையையும் ஒருங்கே உண்டுவிடும் என்பதற்கு இது சான்று.

இதற்கிடையே திருவண்ணாமலையில் பேசாதிருந்த இளந்துறவியைக் காணக் கூட்டம் பெருகியது. குருமூர்த்தத்தில் மக்கள் நெருங்கித் தொடாவண்ணம் அவரைச் சுற்றி மூங்கில் வேலி அமைக்க நேர்ந்தது. வட்ட அலுவலகத் தலைமை எழுத்தர் ஒருவர், பெயரும் ஊரும் அறியாமல் உண்பதில்லை, அலுவலகம் செல்வதுமில்லை என வற்புறுத்தவே, 'வேங்கடராமன், திருச்சுழி' என ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். அவ்வூரை அறியாது எழுத்தர் மயங்கியபோது, அருகிருந்த பெரியபுராணத்தை எடுத்துச் சுந்தரர் பாடல்பெற்ற தலம் அது எனச் சுட்டினார் என வரலாறு கூறும். எழுத்தரின் எண்ணம் பத்தியே. ஆயினும் பெற்ற முறை வற்புறுத்தலே. நல்லெண்ணம் உடையார் வினவும் வினாவும் மறைவை உடைக்கும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

1898-இல், மதுரை மடமொன்றில் தம்பிரான் ஒருவர் இவ்விளந்துறவியைப் போற்றிப் பேசக் கேட்ட ஓர் இளைஞர் வாயிலாகச் செய்தி குடும்பத்தாரை எட்டியது. விரைந்து வந்த நெல்லையப்ப ஐயரை மாந்தோப்பின் உரிமையாளர் உள்ளே விடவில்லை. ஐயர் வேப்பங்குச்சியைக் கள்ளிப்பழச் சாற்றில் தோய்த்துச் சீட்டெழுதி அனுப்பி, இசைவு பெற்ற பின்னரே உட்புகுந்தார். குருதியுறவுடையாரே வாயிலில் நின்று இசைவு வேண்டினர் என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு இறுதியில் அன்னையார் வந்து பல நாள் அழுது அழைத்தும் மகன் வாய் திறக்கவில்லை. உடனிருந்தோர் வேண்ட, விடையை எழுதிக் கொடுத்தார். தாயார் தனியே திரும்பினார். 1916-இல் அவரே மகனிடம் வந்து தங்கி, 1922-இல் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை இன்றைய நோக்கில் எடைபோடுங்கால் ஒரு சிக்கல் எழுகின்றது. பதினாறு அகவையினர் இன்றைய சட்டப்படி குழந்தையே ஆவர். தேட வேண்டா என அவர் எழுதிவைத்தாலும் தேடுங்கடமை நீங்காது. எனவே அச்சீட்டைக் காட்டி, மறைவை விரும்பினாரைத் தேடுதல் தவறு எனப் பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. தேடுதல் வேறு, காட்சிப்படுத்துதல் வேறு என்பதே அதிலிருந்து பெறத்தக்க உண்மை. அழகம்மையாரின் குடும்பம் தேடியது. கண்டபின் இசைவு வேண்டியது. விடை பெற்றபின் மீண்டது.

4. ஒலிபரப்பின் தொடக்கநாள் நெறிகள்

தெருவிற் பறையறைந்து சொல்லிய செய்தி ஓர் ஊரளவில் நின்றது. ஒலிபரப்பு அவ்வெல்லையை அழித்தது. சென்னையில் 1924-இல் தோன்றிய வானொலிக் கழகம் தமிழகத்தில் இதற்குக் கால்கோள் செய்தது. 1930-இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938-இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன.

பிறநாடுகளின் தொடக்கநாள் நெறிகள் நோக்கத்தக்கன. இலண்டன் பி.பி.சி. நிறுவனம் 1930-களில், கடும்நோயுற்றாரின் உறவினரை அழைக்கும் அவசரச் செய்திகளை ஒலிபரப்பிவந்தது. காணாமற்போனோர் பற்றிய செய்தியையோ காவல்துறை வாயிலாக வந்தாலன்றி ஏற்பதில்லை என அது விதி வகுத்திருந்தது. தேடுவோர் கூறும் உறவும் நோக்கமும் மெய்யோ பொய்யோ என்பதை ஒலிபரப்புவோர் தாமே அறிய இயலாது. தேடப்படுபவர் அவரிடமிருந்தே தப்பியவராகவும் இருக்கலாம். வத்திக்கான் வானொலி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர்க்கைதிகளையும் காணாமற்போனோரையும் பற்றிப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட செய்திகளை ஒலிபரப்பியது. அச்செய்திகளின் நோக்கம் உறவினரை உறவினரோடு சேர்த்தலே.

1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் காணாமற்போனோர் அறிவிப்பும் இவ்வகையினதே. ஒரு நிழற்படம், அகவை, உயரம், உடுத்த உடையின் நிறம், பேசும் மொழி, இறுதியாகக் காணப்பட்ட இடம், தகவல் தெரிவிக்கவேண்டிய காவல்நிலையம் ஆகிய இவையே அதன் உறுப்புகள். ஏன் போனார் என்பது அதில் இடம்பெறுவதில்லை. 1993-க்குப் பின் தனியார் தொலைக்காட்சிகளும், அவற்றைத் தொடர்ந்து இருபத்துநான்கு மணிநேரச் செய்தி நிலையங்களும் பெருகியபோது, விடப்பட்ட அந்த 'ஏன்' என்பதே செய்தியின் நடுப்பொருளாயிற்று. குடும்பச் சண்டை, காதல், கடன் முதலியன அயலார் வாய்மொழியாகவே பரப்பப்படலாயின. அழுந்தாயின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கி நீட்டப்பட்டது. தேடலுக்கு இவை ஓர் அடியும் உதவுவனவல்ல. மேலும், சாதி கடந்து மணந்தோரின் இருப்பிடத்தை வெளியிடுதல் அவர்தம் உயிருக்கே இறுதி ஆதலும் கூடும். அகவை நிரம்பிய இருவரின் இசைவே மணத்துக்குப் போதும் என உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சு 27-ஆம் நாள் சக்தி வாகினி வழக்கில் உரைத்தது. செவிலியிடம் பகவர் கூறிய விடையின் உட்பொருளும் இஃதே.

5. அத்திமூர், 2018

காணாமற்போனவர் ஒருவரும் இல்லாமலே காணாமற்போனோர் செய்தி பரவுமாயின் யாது விளையும்? 2018 ஏப்ரல், மே திங்களில், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வாயிலாக வடதமிழக மாவட்டங்களில் பரவியது. எந்தக் குழந்தை, எந்த ஊர், எந்த நாள், யார் தந்த முறையீடு என்பன அச்செய்தியில் இல்லை. காவல்துறை மறுத்துரைத்தும் பயனில்லை. மே 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வ வழிபாட்டுக்கு வந்த குடும்பமொன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அக்குடும்பத்து முதிய அம்மையார் ஒருவர் ஆண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூடிய கூட்டம் அவர்களைக் கடத்துவோர் எனக் கொண்டு தாக்கியது, அம்மையார் உயிரிழந்தார், உடன்வந்தோர் படுகாயமுற்றனர். அக்கொடுமையும் கைப்பேசியிற் படமாக்கப்பட்டுப் பரப்பப்பட்டது.

இதனை வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் குற்றம் எனல் பொருந்தாது. செய்தி பரப்பியோர் பொதுமக்களே. எனினும் நம் ஆய்வின் நடுவினா ஈண்டே கூர்மை பெறுகின்றது. கண்டோர் ஒருவரும் இல்லாத கூற்று இது. பரப்பியோர் ஒவ்வொருவரும் கேட்டோரேயன்றிக் கண்டோர் அல்லர். திருவனந்தபுரத்து நாடகக் குழுப் பேச்சு ஒரு குடும்பத்தை அலைக்கழித்தது; அத்திமூரில் அதனை ஒத்த பேச்சு ஓர் உயிரைக் குடித்தது. வேறுபாடு பேச்சின் இயல்பில் இல்லை. அதனைச் சுமந்த கருவியின் விரைவில் உள்ளது. அவ்வாண்டு சூலைத் திங்களில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐவர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் இந்தியாவில் அனுப்ப இயலாதவாறு வரம்பிட முற்பட்டது.

6. சட்டம் வகுத்த வரம்பு

காணாமற்போன குழந்தை பற்றிய முறையீடு ஒவ்வொன்றையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிதல் வேண்டும் என 2013 மே 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காணாமற்போன குழந்தையையும் வீட்டைவிட்டு ஓடிய குழந்தையையும் பாதுகாப்பு வேண்டிய குழந்தைகளுள் வைத்து எண்ணுகின்றது. அச்சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அத்தகைய குழந்தையின் பெயரையோ முகவரியையோ படத்தையோ வெளியிடுதலைத் தடுக்கின்றது. குழந்தையின் நலங்கருதிக் காரணம் எழுதப்பெற்ற இடத்தில் மட்டுமே விலக்களிக்கின்றது. மீறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ இரண்டு இலட்சம் உரூபா வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கின்றது.

படம் இன்றித் தேடல் இல்லை. படத்தையோ சட்டம் தடுக்கின்றது. இது முரண் போலத் தோன்றினும் முரண் அன்று. வெளியிடுதல் பொதுவிதி ஆகாது. தேடலின் பொருட்டு அளிக்கப்பட்ட விலக்கே ஆகும் என்பது சட்டத்தின் கருத்து. விலக்குக்குக் காரணமான தேடல் முடிந்தவுடன் விலக்கும் முடிதல் வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் படம் பின்னும் உலவுதல், அக்குழந்தையை இரண்டாம் முறை இழத்தல் போன்றதாம். அகவை நிரம்பியோரைப் பொறுத்தவரை, 1994-இல் சென்னை இதழாசிரியர் ஒருவரின் வழக்கான இராசகோபால் வழக்கிலும், 2017-இல் புட்டசாமி வழக்கிலும் உச்சநீதிமன்றம் தனிவாழ்வுரிமையை நிலைநாட்டியது.

7. முடிபு

மேற்காட்டிய சான்றுகளிலிருந்து கண்டோர் அறம் நான்கு கூறாகப் பெறப்படும். கண்டதையே கூறுதல், தேடலுக்கு வேண்டுமளவே கூறுதல், கூறுதற்குரியார்க்குச் சென்றடையுமாறு கூறுதல், கண்டபின் நிறுத்துதல் என்பன அவை. இவற்றுள் இறுதியதே இந்நாளில் பெரிதும் மறக்கப்பட்டது. முன்னைய மூன்றையும் ஓரளவு விதியாக எழுதிய நாம், நிறுத்துதலை எவர் கடமை என வரையறுக்கவில்லை.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின்போது கூட்டத்தில் பிரிந்த குழந்தைகளின் பெயரையும் சட்டையின் நிறத்தையும் ஒலிபெருக்கி அறிவிக்கின்றது. பெற்றோர் வந்து குழந்தையைப் பெற்றதும் அப்பெயர் மீண்டும் ஒலிப்பதில்லை. மலையைச் சூழ்ந்த பெருங்கூட்டத்தினிடையே அக்குழந்தை பெயரறியாத ஒருவராய் மீண்டும் கலந்துவிடுகின்றது. அந்த உரிமையை அதற்குத் திருப்பித் தருவதோடுதான் காணாமற்போனோர் அறிவிப்பு நிறைவுறுகின்றது.