மெத்தைத் தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

கும்பகோணம் பக்கத்தில் மாடியை 'மெத்தை' என்றுதான் சொல்வோம். "அம்மா மெத்தையில வடாம் காயப் போட்டிருக்கா" என்றால் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். தெற்குச் சீமையில் இதையே மட்டப்பா என்பார்கள். இன்னும் சில ஊர்களில் மச்சு. இஞ்சினியரிங் புத்தகங்களில் இதற்கு ஒரே பெயர்தான்: மெட்ராஸ் டெரஸ். நம் மாகாணத்தின் பெயரிலேயே ஒரு கட்டுமான முறை இருந்தது என்பது இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பழைய வீடு. மெத்தையில ரூம் தரை பேந்து போச்சு. டைல்ஸ் ஒட்டிடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தத் தரைக்கு அடியில் இருப்பது கான்கிரீட் இல்லை, மரம். மரத்தின் மேல் ஓடு பதிக்க நம் முன்னோர் என்னவெல்லாம் செய்தார்கள் என்று தெரிந்தால்தான் இப்போது என்ன செய்யலாம் என்பது புரியும்.

முதலில் உத்திரம். பெரிய கூடம் என்றால் சுவருக்குச் சுவர் உத்திரம் போட்டு, அதன் மேல் குறுக்கே தேக்குக் கட்டைகளை வரிசையாக வைப்பார்கள். சின்ன அறை என்றால் கட்டைகள் நேராகச் சுவரிலேயே உட்காரும். கட்டைக்குக் கட்டை இடைவெளி ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை. சுவருக்குள் போகும் நுனிதான் முதலில் உளுத்துப் போகும் இடம். அதனால் அந்த நுனிக்குத் தாரோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசி, சுற்றிலும் காற்றுப் போக வழி விடுவார்கள்.

அடுத்து கல். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் இதற்கென்றே சுட்ட சின்னச் செங்கல் உண்டு. ஆச்சுக்கல் என்பார்கள். அதைப் படுக்கவைக்காமல், விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் கோணலாக, மூலையிலிருந்து மூலைக்கு வரிசை பிடித்து அடுக்குவார்கள். கீழே சாரப் பலகை கிடையாது. ஒரு கல்லின் பக்கத்தில் சுண்ணாம்புக் காரையை அப்பி, முந்தின கல்லோடு அழுத்திப் பிடித்தால் அது நின்றுகொள்ளும். கோணலாகப் போவதால் ஒவ்வொரு வரிசையும் பல கட்டைகள் மேல் பாரத்தைப் பகிர்ந்து கொள்ளும். ஒரு கட்டை கொஞ்சம் தளர்ந்தாலும் பக்கத்துக் கட்டைகள் தாங்கும்.

காரை இறுகிய பிறகு செங்கல் ஜல்லி வரும். ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலத்துக்குப் பரப்பி, மரத் தட்டுக்கட்டையால் அடிக்க வேண்டும். பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, பாட்டுச் சொல்லிக்கொண்டே தாளம் தப்பாமல் அடிப்பார்கள். பாட்டு பொழுதுபோக்குக்கு மட்டும் இல்லை. எல்லார் அடியும் ஒரே அளவில் விழுவதற்கும் அதுதான் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை மேலே தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று நாள் அடித்தால் நாலு அங்குலம் மூன்று அங்குலமாக இறங்கும். எப்போது நிறுத்துவது? அடிக்கிற கட்டை தரையில் அமுங்காமல் துள்ளி எழ வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான கொத்தனார் சொன்னார்: "தம்பி, கட்டை துள்ளுச்சுன்னா தளம் பழுத்துடுச்சுன்னு அர்த்தம்."

அதற்கும் பிறகு ஈரம் காயாமல் சில நாள் வைத்திருந்து, கடைசியில்தான் ஓடு. மொட்டை மாடி என்றால் சுட்ட தட்டோடு இரண்டு மூன்று அடுக்கு. அறைக்குள் என்றால் தட்டோடோ சிவப்புக் காவித் தரையோ போடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் சாயத்தை ஊற்றிக் கையால் செய்யும் அந்தக் கல்லைத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். அது மொத்த வேலையில் கடைசி முக்கால் அங்குலம்.

இவ்வளவு பாடு எதற்கு? மரத்துக்கும் ஓட்டுக்கும் ஒத்துப்போகாது என்பதால்தான். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். ஆள் நடந்தால் இம்மியளவு வளையும். சுட்ட ஓடு உப்பவும் உப்பாது, வளையவும் வளையாது. நடுவே உள்ள சுண்ணாம்புதான் இரண்டுக்கும் சமாதானம் செய்து வைத்தது. சுண்ணாம்பு மெதுவாக இறுகும், சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டாலும், ஈரம் பட்டுக் காற்றோடு சேர்ந்து தானே அடைத்துக்கொள்ளும். மரம் விடுகிற ஈரமும் அதன் வழியாக வெளியேறிவிடும்.

இந்த முறைக்கு உயிர் கொடுத்தது பர்மாத் தேக்கு. 1852 யுத்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மா வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. 1885-இல் மேல் பர்மாவும் வந்தது. நகரத்தார் அங்கே லேவாதேவி செய்தார்கள். தேக்கு கப்பலில் நம் துறைமுகங்களுக்கு வந்து இறங்கியது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942-இல் ஜப்பான்காரர்கள் பிடித்தார்கள். நம் ஜனங்கள் நடந்தே திரும்பி வந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். தேக்கு வரத்தும் அதோடு முடங்கியது.

அதற்குள் சிமெண்டும் வந்துவிட்டது. 1904-லேயே சென்னையில் சிமெண்ட் செய்து பார்த்தார்கள். நம் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-இல் வந்தது. கம்பியும் சிமெண்டும் மலிந்தபின், மூன்று நாள் பாட்டுப் பாடி அடிக்க யாருக்குப் பொறுமை? 1980-இல் மெட்ராஸ் டெரஸுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 2119, திருத்தி வெளியானது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேட வேண்டிய காலம் அது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய மெத்தை வீடு. மாடிக் கூடம் பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி. பழைய ஓட்டைப் பெயர்க்காமல், அதன் மேலேயே இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டு, பளபளவென்று டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார் ஒரு காண்ட்ராக்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர அடிக்குக் கலவை ஏறக்குறைய 10 கிலோ, டைல்ஸ் 2 கிலோ. 180 சதுர அடிக்கு இரண்டு டன்னுக்கு மேல் புதுப் பாரம். போதாததற்குக் கலவை இறுக ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்தத் தண்ணீர் சுண்ணாம்பில் இறங்கி, சுவருக்குள் இருந்த கட்டை நுனிகளில் தங்கியது. மேலே சிமெண்ட் மூடியதால் ஆவியாகிப் போகவும் வழியில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் கட்டைகளின் வரிசைக்கு நேராகக் கோடு போட்டதுபோல் வெடித்தது. கீழே கூடத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. நுனியில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் மாவில் போவதுபோல் போனது. அண்ணன் தம்பிகள் பேசி வீட்டை இடித்துவிட்டார்கள். நடுவே வைரம் பாய்ந்த உத்திரங்கள் பழைய மரக்கடை லாரியில் ஏறின.

ஆகவே நான் சொல்வது இதுதான். டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் கீழ் அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டையையும் சுத்தியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் சந்தேகம். சுவர் ஓர நுனிகளைக் குத்திப் பாருங்கள். மேலே ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துப் பக்கத்தில் ஒருவர் அழுந்த நடக்கட்டும். தண்ணீர் ததும்பினால் தரையைத் தொடாதீர்கள், முதலில் கட்டையைப் பலப்படுத்துங்கள். மழைநீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள்.

பிறகு பழைய ஓட்டையும் உளுத்த சுண்ணாம்பையும் பெயர்த்து எடுங்கள். மேலே ஏற்றுகிற பாரம் கீழே இறக்கிய பாரத்தைத் தாண்டக் கூடாது. குழிகளைச் சுண்ணாம்பு ஜல்லியால் நிரப்பி, அடித்து, நூல் பிடித்து மட்டம் பார்த்து, நன்றாக ஆறவிட்டு, மெல்லிய ஓட்டைச் சுண்ணாம்புப் படுகையிலேயே பதியுங்கள். சுவர் ஓரம் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், மரம் அசைய இடம் வேண்டும். மரத்தளத்தின் மேல் புதிதாகக் குளியலறை மட்டும் கட்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பீர்கள். சேப்பாக்கம் கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துச் சேதமானது நினைவிருக்கலாம். இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று விட்டுவிடாமல், பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கொண்டு பழைய முறையிலேயே மீட்டது. செட்டிநாட்டுப் பக்கத்திலும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல், நாளும் கூடுதல். ஆனாலும் ஒரு தேக்கு உத்திரம் இன்றைக்கு என்ன விலை என்று மரக்கடையில் விசாரித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் மெத்தை இருந்து, அது போட்ட கதை தெரிந்த பெரியவர்களும் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடித்த பெண்கள் பாடிய பாட்டு யாருக்காவது நினைவிருந்தால், அதையும்.