நிறுவன அறிக்கைகளுக்கான செய்தியோடை

நிறுவன மென்பொருளில் உருவாகும் விற்பனை, சரக்கிருப்பு, கணக்கு, பணியாளர் அறிக்கைகளைச் செய்தியோடை வழியே பெறும் முறை இது. பயனர் மென்பொருளுக்குள் நுழைந்து, பட்டிகளைத் துழாவி அறிக்கையைத் தேட வேண்டியதில்லை. அவருடைய ஓடை வாசிப்பானோ விரிதாளோ குறிப்பிட்ட முகவரியை அவ்வப்போது கேட்டு, புதியது இருந்தால் எடுத்துக்கொள்ளும். மின்னஞ்சலில் அறிக்கையை இணைத்து அனுப்பினால், அது பலருடைய பெட்டிகளில் பழைய படிகளாகத் தேங்கிவிடும். ஓடையிலோ மூலம் ஓரிடத்தில் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க முடிகிறது. இம்முறையின் முதன்மையான பயன் இதுவே.

நடைமுறையில் இரு வகை ஓடைகள் உண்டு. ஒன்று, “மாத இறுதி அறிக்கை தயார்” என்று தலைப்பும் இணைப்பும் மட்டும் தருவது. மற்றொன்று, அறிக்கையின் எண்களையே சுமந்துவருவது. முதல் வகைக்கு 2002இல் வெளியான ஆர்எஸ்எஸ் 2.0 என்ற ஓடை வடிவம் போதும். ஆனால் அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளமும் தேதியும் கட்டாயமில்லை. ஒரே அறிக்கை திருத்தப்பட்டு மறுபடி வந்ததா, புதிய அறிக்கையா என்பதை வாசிப்பான் ஊகிக்க வேண்டிவரும். 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான ‘ஆட்டம்’ வடிவம் அடையாளம், தலைப்பு, புதுப்பித்த நேரம் மூன்றையும் கட்டாயமாக்கியது. நேரத்தோடு நேர மண்டலமும் வந்தாக வேண்டும். கணக்கு அறிக்கைக்கு இந்தக் கண்டிப்பு அவசியம். வணிக மென்பொருள்கள் பலவும் ஆட்டத்தின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆரக்கிளின் பீப்பிள்சாஃப்ட், பீப்பிள்டூல்ஸ் 8.50 பதிப்பில் வினவல் முடிவுகளையும் பணிப்பட்டியல்களையும் ஆட்டம் ஓடைகளாக வெளியிடும் வசதியைக் கொண்டுவந்தது.

இரண்டாம் வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2. 2010இல் வந்த இப்பதிப்பின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் பகுதியில், அறிக்கையை பிடிஎஃப், எக்செல் கோப்புகளாக எடுப்பதுபோல் தரவோடையாகவும் எடுக்கலாம். அதற்கான பொத்தானை அழுத்தினால் கையில் கிடைப்பது தரவு அன்று. ஒரு சிறிய சேவை ஆவணம். அறிக்கையிலுள்ள ஒவ்வொரு அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் உரிய ஓடை முகவரிகள் அதில் இருக்கும். பட்டை வரைபடமாகத் திரையில் தெரிந்தது ஓடையில் வரிசைகளும் நெடுவரிசைகளுமாகிவிடும். ஓர் ஓடையில் எல்லா வரிசைகளும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பதால், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சிக்கலான அறிக்கை பல ஓடைகளாகப் பிரியும். எக்செலின் பவர்பிவட் கருவி அந்த ஆவணத்தைப் படித்து, வேண்டிய ஓடைகளை இழுத்து, வேறு மூலங்களின் தரவோடு சேர்த்துக்கொள்ளும். அறிக்கையை ஓட்டியபோது தேர்ந்த மண்டலம், காலாண்டு முதலியவை ஓடையின் முகவரியிலேயே பதிந்துவிடுகின்றன. அதனால் அடுத்த காலாண்டு வந்தும் விரிதாள் பழைய காலாண்டையே அக்கறையோடு புதுப்பித்துக்கொண்டிருக்கக்கூடும். அறிக்கையை வடிவமைப்பவர் தேதியை ‘நடப்புக் காலாண்டு’ என்று அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஆட்டம் வடிவத்தின் அடித்தளத்தில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது ஓடேட்டா நெறிமுறை. வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, பக்கம் பக்கமாகக் கேட்பது எல்லாவற்றையும் முகவரியிலேயே எழுத முடிந்தது. எனவே ஓடை, வந்ததை வாங்கிக்கொள்ளும் குழாயாக நிற்காமல் கேள்வி கேட்கும் வாயிலாக மாறியது. சாப் நிறுவனமும் தன் கேட்வே மென்பொருளில் இதை ஏற்றது. 2014இல் ஓடேட்டா 4.0 ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாயிற்று. அதில் ஜேசன் முதன்மை வடிவமாகி, ஆட்டம் பின்தள்ளப்பட்டது. எக்செலிலும் பவர் பிஐயிலும் ‘ஓடேட்டா ஃபீட்’ என்ற தேர்வு இன்றும் இருக்கிறது.

மிகவும் கவனிக்க வேண்டியது அடையாளச் சரிபார்ப்பு. செய்தி படிப்பதற்கென்று எழுதப்பட்ட வாசிப்பான்கள் பல, பொதுவில் திறந்த ஓடைகளையே எதிர்பார்த்தன. நிறுவனத்தின் உள்நுழைவு முறையோடு பேச அவற்றுக்குத் தெரியாது. இதைச் சமாளிக்கச் சிலர் முகவரிக்குள்ளேயே ஒரு ரகசியக் குறியீட்டைப் பொதித்துவிடுவார்கள். இது ஆபத்தான குறுக்குவழி. முகவரி சர்வர் பதிவேடுகளிலும் உலாவி வரலாற்றிலும் தங்கும். அதை ஒருவர் சக ஊழியருக்கு அனுப்பினாலே சம்பளப் பட்டியல் அவருக்கும் திறந்துவிடும். இணையத்தில் இயங்கும் பொது வாசிப்பானில் இத்தகைய ஓடையைச் சேர்த்தால், தரவின் படி வெளியார் சர்வரில் போய் உட்காரும். நிறுவனக் கணக்கோடு இணைந்த உள்நுழைவும், ஓடை கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் உரிமைச் சோதனையும் இல்லாத இடத்தில் தரவோடையைத் திறக்கவே கூடாது. தலைப்பும் இணைப்பும் மட்டும் தரும் ஓடையில் ஆபத்து குறைவு, ஆனால் தலைப்பே சில நேரம் ரகசியத்தைச் சொல்லிவிடும்.

சர்வரின் சுமையும் சிறியதன்று. வலைப்பூ ஓடையில் மாற்றமில்லை என்றால் சர்வர் 304 என்ற விடையோடு முடித்துக்கொள்ளும். அறிக்கை ஓடையில் மாற்றம் உண்டா என்று அறியவே பெரிய வினவலை ஓட்ட நேரலாம். நூறு விரிதாள்கள் காலை ஒன்பது மணிக்கு ஒருசேரக் கேட்டால் தரவுத்தளம் திணறும். இரவிலேயே அறிக்கையை ஓட்டி, அந்த நேரத்து நிலையைச் சேமித்துவைத்து, ஓடைக்கு அதிலிருந்து விடை தருவது வழக்கமான தீர்வு. அப்போது எந்த நேரத்து எண் என்பதையும் ஓடையிலேயே குறிக்க வேண்டும்.