தாயின் கப்ருக்குத் திரும்பிய பயணி

மொராக்கோவின் வடகோடியில் உள்ள தன்ஜா (டான்ஜியர்) நகரில் 1304-ல் பிறந்தவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 725 ரஜபில் (1325 ஜூன்) ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர்.

மக்கா, டில்லி, மாலத்தீவு, இலங்கை, நமது மதுரை எனப் பல நாடுகளையும் நகரங்களையும் கண்ட அவர், 1348-ல் ஊர் திரும்பும் வழியில் திமிஷ்கை (டமாஸ்கஸ்) அடைந்தார். தந்தை வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி அங்கேதான் கிடைத்தது. மறு ஆண்டு மொராக்கோவின் தாஸா நகரை எட்டியபோது, தாயாரும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டதை அறிந்தார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தன்ஜாவில் அவரை வரவேற்கத் தாய் இல்லை. ஸியாரத் செய்யக் கப்ரு மட்டுமே இருந்தது. அங்கும் அவர் தங்கிவிடவில்லை. ஸ்பெயின், மாலி எனப் பயணம் தொடர்ந்தது. 1355-ல் 'ரிஹ்லா' எனும் பயண நூல் நிறைவுற்றது. உலகம் அவரை இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்நூலால்தான்.

பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கும் நம் ஜமாஅத்துச் சகோதரர்களே! அன்று ஒரு மரணச் செய்தி மகனை வந்தடையப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இன்று நொடியில் வந்துவிடுகிறது. செய்தி விரைகிறது, நாம் விரைகிறோமா? பெற்றோரை ஹயாத்தோடு காணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.