திரைக்குப் பின்னால் வரைதல்: கான்வஸின் கதை

பிரௌசருக்குள்ள கேம் விளையாடேக்க படம் திடீரெண்டு இறுகி நிண்டு, பிறகு துள்ளி ஓடுறதை எல்லாரும் கண்டிருப்பம். உடனே ‘நெட் ஸ்லோ’ எண்டு சொல்லிப்போடுவம். பல நேரம் நெட்டில பிழையே இராது. ஒரே ஆளிட்ட எல்லா வேலையையும் குடுத்து வைச்சதுதான் காரணம்.

2004இல் அப்பிள் நிறுவனம், மேக் கணினியின் டாஷ்போர்டுக்காகவும் சபாரிக்காகவும் கான்வஸ் என்ற வரைபரப்பை உருவாக்கியது. ஒருத்தரோடயும் கதைக்காமல் எச்.டி.எம்.எல்-இல் புதுசு சேர்க்கலாமோ எண்டு அப்பவே விமர்சனம் எழுந்தது. ஆனாலும் 2005இல் பயர்பொக்ஸ் 1.5, 2006இல் ஒபேரா 9 அதை ஏற்றுக்கொண்டன. மைக்ரோசொஃப்ட் 2011இல்தான் வந்து சேர்ந்தது.

கான்வஸில் அசையும் படத்துக்கு நொடிக்கு 60 தடவை வரையவேணும். ஒரு தடவைக்கு 16.7 மில்லிசெக்கன்தான் கிடைக்கும். அதனால் புரோகிராமர்கள் ஒரு வழி கண்டார்கள். மாறாத பின்னணியைப் பக்கத்தில் ஒட்டாத இன்னொரு கான்வஸில் ஒருக்கா வரைந்து வைத்து, தேவைப்படும்போது அப்படியே பிரதி எடுத்தார்கள். நேரம் மிஞ்சியது. ஆனால் அந்த மறைந்த கான்வஸும் பிரௌசரின் பிரதான இழையில்தான் ஓடியது. கிளிக், ஸ்க்ரோல், எழுத்து அடுக்குறது எல்லாத்தையும் பார்க்கிறதும் அதே இழைதான். அது திணறினால் படமும் நிண்டுடும்.

பின்னணியில் கணக்குப் போடும் ‘வேர்க்கர்’ இழைகள் 2009இலேயே பயர்பொக்ஸ் 3.5இல் வந்துவிட்டன. அவற்றுக்குப் பக்கத்தின் உறுப்புகளைத் தொட அனுமதி இல்லை. கான்வஸும் பக்கத்தின் உறுப்பு. ஆகவே வேர்க்கர் கணக்குப் போடலாம், கான்வஸில் வரைய ஏலாது.

இதற்கு விடையாக வந்ததுதான் ஓஃப்ஸ்கிரீன் கான்வஸ். வரைபரப்பைப் பக்கத்திலிருந்து பிரித்து, முழு உரிமையோட வேர்க்கரிட்ட ஒப்படைக்கலாம். குடுத்த பிறகு பக்கத்தால அதில ஒரு கோடு கூடப் போட ஏலாது. குரோம் 69 இதை 2018இல் தந்தது. பயர்பொக்ஸ் 105 வர 2022 ஆனது. சபாரி 16.4 2023 மார்ச்சில் இருபரிமாணத்துக்கு மட்டும் தந்தது, முப்பரிமாண வெப்ஜிஎல்லுக்கு அதே வருசம் சபாரி 17 வரவேண்டியிருந்தது.

அந்த ஐஞ்சு வருசமும் ஐபோன்காரர் குரோம் இறக்கியும் பிரயோசனமில்லை. ஐபோனில் எந்தப் பிரௌசரும் அப்பிளின் வெப்கிட்டில்தான் ஓடவேணும் என்பது அந்நாளைய விதி. புரோகிராமர்கள் ஒரே வேலையை ரெண்டு விதமாக எழுதினார்கள்.

ஒருத்தரையும் கேளாமல் கான்வஸைக் கொண்டுவந்த நிறுவனம், எல்லாரும் பேசி ஒத்துக்கொண்ட அடுத்த படிக்குக் கடைசியாக வந்தது. இணையம் எல்லாருக்கும் பொது எண்டு சொல்லுறம். அது எப்ப முன்னேறும் எண்டதை இண்டைக்கும் மூண்டு, நாலு நிறுவனங்கள்தான் தீர்மானிக்குது.