காயங்கள் எழுதிய கதை: கிரேட் காளி பட்டம் வென்ற 2007

தொழில்முறை மற்போர் என்பது யார் வெல்வார் என்பதை நிறுவனமே முன்கூட்டி முடிவு செய்து நடத்தும் அரங்கக் காட்சி ஆகும். முடிவு எழுதிவைத்தது என்றாலும் விழுகிற உடல் நிஜமானது. முன்னணி வீரர் ஒருவர் காயம்பட்டாலோ விலகினாலோ எழுதிவைத்த கதையை ஒரே வாரத்தில் மாற்ற வேண்டியிருக்கும். இதற்கு நல்ல சான்று, 2007-இல் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலிப் சிங் ராணா, அதாவது கிரேட் காளி, டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்ற நிகழ்வு.

அவ்வாண்டு ஏப்ரல் 1-இல் நடந்த 23-ஆவது ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கர் அப்பட்டத்தை வென்றார். ஓராண்டுக்குள் தாம் விரும்பும் நாளில் வாகையருடன் மோதும் உரிமையை அதே இரவில் மிஸ்டர் கென்னடி பெற்றார். மே மாதத் தொடக்கத்தில் கென்னடிக்குக் கைத்தசை கிழிந்துவிட்டது, பல மாதங்கள் ஓய்வு தேவை என்று மருத்துவர்கள் கூறினர். உடனே அவர் எட்ஜிடம் தோற்பதாகக் காட்டி அந்த உரிமை கைமாற்றப்பட்டது. பின்னர் மறுபரிசோதனையில் அது வெறும் இரத்தக்கட்டு என்று தெரிந்தது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. அண்டர்டேக்கருக்கும் மேற்கைத் தசை கிழியவே, அதே வாரம் எட்ஜ் அந்த உரிமையைப் பயன்படுத்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

எட்ஜும் நிலைக்கவில்லை. சூலையில் அவருக்கு மார்புத் தசை கிழிந்தது, பட்டத்தைத் துறந்தார். காலியான இடத்துக்கு 20 பேர் ஒரே மேடையில் மோதினர். கடைசியில் நின்றவர் காளி. சூலை 20-இல் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சில வாரங்கள் வேறு பேச்சே இல்லை எனலாம். மற்போர் வீரர்களின் சீட்டுகளைப் பாடநூலுக்குள் ஒளித்து வைத்திருந்த பிள்ளைகளுக்கு எட்ஜின் தசைக் கிழிவு பற்றிக் கவலை இல்லை. ஓர் இந்தியர் வென்றார், அது போதும். செப்டம்பர் 16-இல் பட்டிஸ்டா அவரிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றினார். அக்டோபரில் ஜான் சீனாவுக்கும் மார்புத் தசை கிழிய, ஓராண்டுக்கும் மேலாக அவர் வைத்திருந்த இன்னொரு பட்டம் ராண்டி ஆர்ட்டனுக்குப் போனது.

ஒருவர் விழுந்தால் இன்னொருவரை நிறுத்த அமெரிக்க நிறுவனத்திடம் ஆட்களும் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருந்தன. இந்தியாவின் பழைய தொழில்முறை மற்போருக்கு அந்த வசதி இல்லை. அது பெரும்பாலும் தாரா சிங் என்ற ஒரு மனிதரின் தோளில் நின்றது. சிங்கப்பூரில் தொழிலைத் தொடங்கிய அவர் 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவையும், 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸையும் வென்றார். அவருடைய புகழ்பெற்ற எதிராளி கிங் காங், மலேசியாவில் கார் விபத்தில் காயமடைந்து 1970-இல் இறந்தார். 1983-இல் தாரா சிங் ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வர, திரைப்படமும் பார்த்துக் குஸ்தியும் பார்க்கும் கூட்டத்தை ஈர்க்கும் இன்னொருவர் இல்லை. அடுத்த தலைமுறை மற்போரைத் தொலைக்காட்சியில்தான் கண்டது, அதுவும் வெளிநாட்டு வீரர்களை.

காளி 2014-இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு விலகி, மறு ஆண்டு ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கு பயின்ற கவிதா தேவி 2017-இல் அதே நிறுவனத்தில் மோதிய முதல் இந்தியப் பெண் ஆனார். இடையில், 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் நடந்த காட்சியில் தலையில் அடிபட்டுக் காளி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று செய்தி வந்தது. நான்கு நாள் கழித்து டேராடூனில் கட்டுடன் மேடையேறி வென்றார்.