அதக்கிய இடத்தில் எழும் நோய்: வாய்ப்புற்றும் உடற்செல் பிறழ்வுகளும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆலங்குளம் வட்டாரத்தில் வெற்றிலை போடுவது விருந்தோடு முடிந்துவிடும் சடங்கு மட்டுமன்று. காட்டு வேலையிலும் ஆலை வேலையிலும் பசியையும் அலுப்பையும் தள்ளிப்போட, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்துக் கடைவாயில் அதக்கிக்கொள்ளும் பழக்கம் தென்மாவட்டங்கள் எங்கும் வேரூன்றியது. இந்தப் பழக்கத்தையும் வாய்ப்புற்றையும் இணைத்துப் பார்த்த நூற்றாண்டு வரலாறு, உடற்செல் பிறழ்வைப் புரிந்துகொள்ள மிகத் தெளிவான சான்று. பெற்றோரிடமிருந்து வராமல், பிறந்த பின் ஏதோ ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் நேர்ந்து, அந்தச் செல்லின் வழிவந்தவற்றில் மட்டும் தங்கும் மாற்றமே உடற்செல் பிறழ்வு. இது உடலில் ஓயாமல் நிகழ்கிறது. நிகழ்ந்தது நோயாகுமா ஆகாதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தச் செல் வாழும் சூழல். அந்தச் சூழலை நாம் மாற்ற முடியும் என்பதே என் வாதம்.

முதற்சான்றுகள் இங்கிருந்து தெற்கே, அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரிலிருந்து வந்தவை. அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஃபெல்ஸ், பென்டால் இருவரும் 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தனித்தனியே எழுதினார்கள். ஃபெல்ஸ் 209 அறுவைச் சிகிச்சைகளையும், பென்டால் 1,700 புற்றுநோயாளிகளையும் தொகுத்திருந்தனர். 1933இல் அதே மருத்துவமனையின் மருத்துவர் ஆர், லான்செட் இதழில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றை விரிவாக ஆராய்ந்தார். 1959இல் அடையாறு புற்றுநோய் மையத்தின் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணிகள் குறித்த ஆய்வை வெளியிட்டார்கள். இவர்கள் யாரிடமும் மரபணுவைப் படிக்கும் கருவி இல்லை. ஆனாலும் அவர்கள் கண்ட உண்மை ஆழமானது: மேலை நாடுகளில் அரிதான கன்னத்து உட்பகுதிப் புற்று இங்கே மலிந்திருந்தது, அதுவும் அதக்கி வைக்கும் இடத்திலேயே எழுந்தது. உடல் முழுதும் ஒரே மரபுச் செல்வம் இருக்கையில் நோய் மட்டும் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்வதேன் என்ற கேள்விக்கு, அந்த இடத்துச் செல்களுக்குள் தனியாக ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதே பொருந்தும் விடை.

அந்த விடை வேறு திசையிலிருந்தும் உருவாகிக்கொண்டிருந்தது. 1914இல் ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி, குரோமோசோம் கோளாறுற்ற ஒற்றைச் செல்லிலிருந்தே கட்டி பிறக்கிறது என்று வாதிட்டார். 1954இல் ஆர்மிட்டேஜும் டாலும், வயதோடு புற்றுநோய் ஏறும் வேகத்தைக் கணக்கிட்டு, ஒரு மாற்றம் போதாது, ஆறேழு படிகள் வேண்டும் என்றார்கள். 1982இல் ஹெச்-ராஸ் மரபணுவில் குவானின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் இருப்பது மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் வெளிப்பட்டது. அதை அறிவித்த கட்டுரைகளுள் ஒன்றின் முதல் ஆசிரியர் இ. பிரேம்குமார் ரெட்டி. 1991இல் பம்பாயில் தனஞ்சயா சாரநாத்தும் குழுவினரும், புகையிலை மெல்லும் 57 வாய்ப்புற்று நோயாளிகளில் 35 விழுக்காட்டினரிடம் இதே மரபணுவின் பிறழ்வைக் கண்டனர். 2013இல் இந்தியக் குழு ஈறு, கன்னப் புற்றின் மரபணுப் பட்டியலையே வெளியிட்டது. முதலில் 50 பேர், பிறகு சரிபார்க்க 60 பேர். டிபி53, காஸ்பேஸ்-8, நாட்ச்-1, ஹெச்-ராஸ் ஆகியவற்றோடு புதிதாக ஐந்து மரபணுக்களும் அதில் இடம்பெற்றன. நெய்யூர் மருத்துவர்கள் கண்ணால் கண்ட இடத்துக்கு மூலக்கூறு அளவில் விளக்கம் கிடைத்தாயிற்று என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 2015இல் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள சாங்கர் நிறுவனத்தின் ஆய்வு அந்த நிறைவைக் கலைத்தது. அழகுக்காகவோ பார்வைக்காகவோ அகற்றப்பட்ட நோயற்ற இமைத்தோலில், கால் பங்குக்கு மேற்பட்ட செல்கள் புற்றைத் தூண்டக்கூடிய பிறழ்வுகளைச் சுமந்திருந்தன. 2018இல் உணவுக்குழாயை ஆராய்ந்தபோது, நடுவயதைக் கடந்தவர்களின் நல்ல திசுவில் நாட்ச்-1 பிறழ்வு, உணவுக்குழாய்ப் புற்றில் இருப்பதைவிட அதிகமாகவே இருந்தது. வயதானோர் இரத்தத்தில் பிறழ்ந்த செல் வம்சங்கள் தழைப்பது 2014இலேயே தெரியவந்து, பின்னர் இதயநோயோடும் தொடர்பு காட்டியது. பிறழ்வு எப்போதும் கேடும் அன்று. கிருமியை இன்னும் இறுகப் பற்றும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்க, நிணநீர்க் கணுக்களின் பி-செல்கள் தம் மரபணுவின் ஒரு பகுதியைத் தாமே வேண்டுமென்று பிறழச் செய்கின்றன.

அப்படியானால் பிறழ்வு வெறும் உடனிருப்போன்தானே, திசுவின் ஒழுங்கு குலைவதே புற்றின் காரணம் என்று சோடோவும் சோனன்ஷைனும் முன்வைத்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் அது பாதி உண்மை. பெரன்பிளமும் ஷூபிக்கும் 1940களில் செய்த எலிச் சோதனைகளில், டி.என்.ஏ.வைக் கெடுக்கும் பொருளைச் சிறிதளவு ஒருமுறை தடவினால் கட்டி வருவது அரிது. அதன்பின் நம் சித்த மருத்துவம் பேதிக்குத் தரும் நேர்வாளத்தின் எண்ணெயை மீண்டும் மீண்டும் தடவித் தோலைப் புண்ணாக்கினால் கட்டிகள் எழுந்தன. எண்ணெய் மட்டும் தடவிய தோலில் அவ்வாறு எழவில்லை. விதை ஒன்று, அதை முளைக்க வைக்கும் ஈரம் வேறு. வாயில் அதக்கும் கலவை இரண்டையும் ஒருசேரத் தருகிறது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புச் சத்துகள் தீவிர ஆக்சிஜனை வெளியிடுகின்றன. பாக்கிலுள்ள அரெக்கோலின் சளிச்சவ்வை நாராக்கி இறுக்க, வாய் திறக்க முடியாமற் போகிறது. ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலைக்குப் பயன்பட்டது. தாம்பூலத்தில் சேரும் சுண்ணாம்பும் அதே வேதிப்பொருளிலிருந்து வருவதுதான். அதன் காரம் சிறு தீங்கன்று. பப்புவா நியூகினியில் சுண்ணாம்பைத் தொட்டு வைக்கும் வாயோரத்திலேயே புற்று எழுவதை 1992இல் தாமஸும் மெக்லெனனும் காட்டியிருக்கிறார்கள்.

அந்த நாட்டுச் சான்று வேறு இரு மறுப்புகளுக்கும் பதிலாகிறது. இது நம் இனத்தின் பரம்பரைக் கூறு என்பது முதலாவது. தமிழரோடு நெருங்கிய மரபுத் தொடர்பற்ற பப்புவா மக்களிடமும் தைவான் மக்களிடமும் பாக்கு மெல்லும் பழக்கத்தோடு இதே நோய் வருகிறது. புகையிலையை மட்டும் நீக்கினால் போதும் என்பது இரண்டாவது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றை உண்டாக்குபவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்திவிட்டது. ‘வெறும் பாக்குதானே’ என்று கடையில் வாங்கித் தரும் கை இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் வந்த தடையின் நிழலில் சாதாரணப் பாக்கு பாதுகாப்பானதுபோல் தோன்றுவது எனக்குக் கவலை தருகிறது.

நேர்ந்துவிட்ட பிறழ்வை அழிக்க முடியாது, இனி விட்டு என்ன பயன் என்று முதியவர்கள் கேட்பதுண்டு. சூழல் மாறினால் செல்களின் போட்டியும் மாறும். 2020இல் மூச்சுக்குழாய்ச் செல்களை ஆராய்ந்தவர்கள், புகைத்தலை விட்டோரிடம் பிறழ்வு குறைந்த, ஏறக்குறைய நலமான செல்கள், இன்னும் புகைப்போரைவிட நான்கு மடங்கு அதிகமாக இருப்பதைக் கண்டனர். வாயின் வெண்படலத்தையும் இறுக்கத்தையும் புற்றாகும் முன் பார்ப்பதற்கு விலை உயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததே, புகையிலை, மது பழக்கமுள்ளோரிடம் வாய்ப்புற்று மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ராஜபாளையத்திலும் ஆலங்குளத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்களால் நாளையே தொடங்கக்கூடிய வேலை அது.