மூட்டையும் தூரமும்

பெரிய சரக்கு விமானம் என்றதும், எவ்வளவு பாரம் சுமக்கும், எவ்வளவு தூரம் பறக்கும் என்றுதான் கேட்கிறோம். பெர்லின் நகரத்துக் கதையைப் படிக்கும் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1948 ஜூனில் ஸோவியத் அதிகாரிகள் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். உள்ளே 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். மிஞ்சியது ஆகாயம் ஒன்றுதான்.

முதலில் வந்தவை டகோட்டாக்கள். நம் நாட்டிலும் வெகுகாலம் பறந்தவைதாம். நடைக்குச் சுமார் மூன்றரை டன். பிறகு வந்த ஸ்கைமாஸ்டர் 10 டன் சுமந்தது. சமுத்திரம் தாண்டக்கூடிய விமானம் அது. பிராங்க்பர்ட்டிலிருந்து பெர்லினுக்கோ 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தூரம் குறைந்தால் பெட்ரோல் குறைகிறது. அந்த எடைக்கு நிலக்கரி ஏற்றலாம்.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. டகோட்டா வால் தாழ்ந்து நிற்கும். உள்ளே தரை சரிவு. மூட்டைகளை அந்தச் சரிவில் சமாளித்து இறக்க வேண்டும். ஸ்கைமாஸ்டரின் தரை சமம். ஆகவே அதில் 10 டன் இறக்கும் நேரமும் டகோட்டாவில் மூன்றரை டன் இறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே! மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். சில மாதங்களில் அமெரிக்கர்கள் டகோட்டாக்களை விலக்கிவிட்டார்கள்.

உப்பு தனித் தொல்லை. விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். அதற்காகக் கடல்நீரில் பழகிய ஸண்டர்லாண்ட் படகு விமானங்களை வரவழைத்து, ஹாவெல் ஏரியில் இறக்கினார்கள்.

1949 ஏப்ரலில் ஒரே நாளில் 1,398 நடைகள். சுமார் 12,900 டன். மே 12-ல் வழி திறந்தது. செப்டம்பரில் விமானங்கள் ஓய்ந்தபோது மொத்தம் 23 லட்சம் டன் சேர்ந்திருந்தது, பெரும்பகுதி நிலக்கரி. அந்தப் பணியில் மாண்டவர்கள் 101 பேர்.